ஹடப்சரில் ஏறி பாலையில் இறங்குமுன்

புணேயின் கோந்த்வாவிலிருந்து ஆட்டோ பிடித்தால் ஹடப்சர் ரயில் நிலையம். அங்கே ஏறினால் மறுநாள் ஜோத்பூர். 2025 மே 3 அன்று ஹடப்சர்–ஜோத்பூர் ரயிலும் சென்னை சென்ட்ரல்–பகத் கி கோட்டி ரயிலும் ஒரே நிகழ்ச்சியில் தொடங்கிவைக்கப்பட்டன. புணேத் தமிழருக்கும் சென்னைவாசிக்கும் தார்ப் பாலைவனம் ஒரே நாளில் பக்கத்து ஊராகிவிட்டது. போகும் வழி எளிதாகிவிட்டது. போன இடத்தில் எங்கே அனுமதி வாங்குவது, எவ்வளவு தண்ணீர் எடுத்துப்போவது, எந்த மாதம் போகவே கூடாது என்பதற்கோ சுற்றுலா முகவரின் துண்டறிக்கைதான் நமக்கு இன்னும் வழிகாட்டி. பாலைச் சரணாலயப் பயணத்தைப் பயணியின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக் கூடாது. அதற்கான திட்டத்தை முதலில் போடவேண்டியது சரணாலயத்தை நடத்தும் அரசு, அதன்பிறகுதான் நாம்.

முதலில் அந்த இடம் எது என்பதில் தெளிவு வேண்டும். பெயர் பாலைவன தேசியப் பூங்கா. 1980-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். அதில் 1,900 ஜெய்சல்மேர் மாவட்டத்திலும் 1,262 பாட்மேர் மாவட்டத்திலும் உள்ளது. புணே மாநகராட்சியை ஏறக்குறைய ஆறு முறை உள்ளே வைக்கலாம். பெயரில்தான் தேசியப் பூங்கா. சட்டப்படி காட்டுயிர்ச் சரணாலயம். உள்ளே ஊர்கள் உண்டு, வயல் உண்டு, ஆட்டுக்கிடை உண்டு, தார்ச்சாலையும் உண்டு. முதுமலையிலோ தடோபாவிலோ இருப்பதுபோல ஒரு வாசல், ஒரு சீட்டு, ஒரு ஜீப், மூன்று மணி நேரம் என்ற ஒழுங்கு இந்தப் பரப்பு முழுவதற்கும் கிடையாது. வேலியடைத்த சில பகுதிகளுக்கு மட்டும் வனத் துறையிடம் அனுமதி பெற்றுப் போகலாம். அவற்றில் பெயர்பெற்றது சுதாசரி. மற்ற இடங்களில் சரணாலய எல்லையைத் தாண்டியதே தெரியாமல் வண்டி போய்க்கொண்டிருக்கும். வாசல் இல்லாத வீட்டுக்குள் செருப்புக்காலோடு நுழைந்து, நுழைந்தது தெரியாமலே வெளியே வருவதுபோலத்தான்.

மணல்மேடு மட்டும் பாலையா?

முகவரைக் கேட்டால் பாலை என்பது சம். ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். மாலையில் ஒட்டகச் சவாரி, ஜீப்பில் மணல்மேடு ஏறி இறங்குதல், சூரியன் மறைவது, கூடாரத்தில் பாட்டும் நடனமும் சாப்பாடும், காலையில் கிளம்புதல். குடும்பத்தோடு போய் ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வர இது போதும். யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. இதுதான் பாலை என்று நம்பிவிடுவதில்தான் சிக்கல். சரணாலயப் பரப்பில் மணல்மேடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் பாறைத்தளம், சரளை, உப்புப் படுகை, சேவண் புல் அடர்ந்த சமவெளி. உயிர்கள் பெரும்பாலும் அந்த மீதியில்தான் இருக்கின்றன. கானமயில் என்னும் பெரிய பறவைக்குப் புல்வெளி வேண்டும். சிங்காரா மானுக்கும் பாலை நரிக்கும் புல்லும் புதரும் வேண்டும். மணல்மேட்டை மட்டும் பாலை என்று படித்துவைத்தவர் புல்வெளியைப் பார்த்ததும் "ஒண்ணுமே இல்லையே" என்கிறார். ஒன்றுமில்லாத இடத்தில் வண்டியை எப்படி ஓட்டினால் என்ன? வெறும் தரையில் முட்டையிடும் பறவை ஒன்று அந்தச் சக்கரத்தடத்தில் இருக்கலாம் என்ற நினைப்பு அவருக்கு வர வழியே இல்லை.

தமிழருக்கு இந்த மயக்கம் வரக் கூடாது. பாலை தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரத்தின் கருத்து. அந்தக் கணக்கில் பாலை இடத்தின் பெயர் என்பதைவிடக் காலத்தின் பெயர். தாருக்கும் இது பொருந்தும். நல்ல மழை பெய்த ஆவணியில் பச்சைப் போர்வை போர்த்திக் கிடக்கும் அதே நிலம்தான் வைகாசியில் உயிரெடுக்கிறது. தெரிந்த முகங்களும் அங்கே உண்டு. கேஜ்ரி என்று ராஜஸ்தானியர் கும்பிடும் மரம் நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான். அவர்கள் ஆக் என்பது நம் எருக்கு. ஜெய்சல்மேருக்குப் பக்கத்தில் ஆகல் கல்மரப் பூங்காவில் கிடப்பவை 18 கோடி ஆண்டுப் பழமையான மரத்தண்டுகள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரம் பார்த்தவர் அவற்றை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார். கிளம்புமுன் இவ்வளவு தெரிந்துவைத்திருந்தாலே "ஒண்ணுமில்லை" என்ற சொல் வாயில் வராது.

இரண்டு கேன் கணக்கு

பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலோடு தொடங்குகிறார்கள். தண்ணீரோடு தொடங்கவேண்டும். ஜெய்சல்மேரில் ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறக்குறைய 200 மில்லிமீட்டர்தான். அமெரிக்காவின் டெத் வேலி தேசியப் பூங்கா ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது ஏறக்குறைய 4 லிட்டர் குடிநீர் வேண்டும் என்கிறது. வண்டி பழுதாகி வெயிலில் காத்திருக்க நேர்ந்தால் என்ற கணக்கையும் சேர்த்து 5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், இரண்டு நாள்: 40 லிட்டர். சமையலறை மூலையில் ஸ்டாண்டின் மேல் கவிழ்ந்திருக்கும் 20 லிட்டர் கேனில் இரண்டு. எடை 40 கிலோ. இரண்டையும் காரின் டிக்கியில் ஏற்றிப் பார்த்தால், நான்கு பெட்டி வைக்க நினைத்த இடத்தில் ஒன்றரைப் பெட்டிதான் போகும். திட்டம் அந்த இடத்திலேயே மாறத் தொடங்கும். ஒரு பெட்டி வீட்டிலேயே நிற்கும். அல்லது இன்னொரு வண்டி வேண்டியிருக்கும். அல்லது இரவுத் தங்கல் தண்ணீர் கிடைக்கும் ஊருக்கு மாறும். எவ்வளவு தூரம் போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, எத்தனை பேர் போவது எல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து தானாக வந்து விழும். 'வழியில வாங்கிக்கலாம்' என்பது நெடுஞ்சாலையில் பழகிய பேச்சு.

கோந்த்வா, உந்த்ரி, மொகமத்வாடிப் பக்கத்து அடுக்கங்களில் இருப்பவர்களுக்குப் புரியாத கணக்கல்ல இது. கோடையில் இன்றைக்கு எத்தனை டேங்கர் வரும், பணம் யார் கட்டுவது என்று சொசைட்டிக் கூட்டத்தில் மணிக்கணக்கில் பேசியவர்கள்தான் அவர்கள். ரயிலேறியதும் அந்த எச்சரிக்கை எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை. தார் மக்கள் விழும் மழையை விழுந்த இடத்திலேயே பிடித்துவைக்கக் கற்றவர்கள். முற்றத்தில் விழும் நீரைத் தரைக்கடியில் சேர்ப்பது டாங்கா. பாறைச் சரிவில் வழியும் நீரைக் கரை கட்டித் தேக்கி, அது மண்ணில் ஊறியபின் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் எடுப்பது கடீன். 15-ஆம் நூற்றாண்டில் பாலிவால் அந்தணர்கள் ஜெய்சல்மேரில் வளர்த்தெடுத்த முறை இது. கிராமத்து வீட்டில் கை கழுவத் தண்ணீர் கேட்கும் பயணி, அந்த வீட்டின் பல மாதச் சேமிப்பில் கைவைக்கிறார். கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் கேட்கக் கூடாது.

ஜெய்சல்மேருக்கும் ஜோத்பூருக்கும் நடுவழியில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2021 ஜூனில், அதே மாநிலத்தின் ஜாலோர் மாவட்டத்தில், பாட்டியோடு ஊர்விட்டு ஊர் நடந்துபோன ஒரு சிறுமி வழியிலேயே தாகத்தால் இறந்துபோனாள். உள்ளூர்க் குடும்பம், வெயிலை அறியாதவர்கள் அல்ல. வெளியூர்க்காரர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். டெத் வேலியில் 1996 ஜூலையில், ஜெர்மனியிலிருந்து வந்த நால்வர் கொண்ட குடும்பம் வாடகை வண்டியோடு காணாமல்போனது. அக்டோபரில் வண்டி மட்டும் கிடைத்தது. பெரியவர்களுடையவை என்று கருதப்படும் எலும்புகள் கிடைக்க 2009 ஆயிற்று. பின்னாளில், திரையில் தெரிந்த கோட்டை நம்பி வழியில்லாத வழியில் போய்ச் சிக்கியவர்கள் இறந்தபோது, அங்குள்ள வனக் காவலர்கள் அதற்கு 'ஜிபிஎஸ் மரணம்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பூங்கா இவற்றிலிருந்து பாடம் படித்திருக்கிறது. கோடையில் தாழ்நிலங்களில் காலை 10 மணிக்குமேல் நடக்காதீர்கள், கைபேசி பெரும்பாலான இடங்களில் எடுக்காது, எந்தச் சாலை திறந்திருக்கிறது எது மூடியிருக்கிறது என்றெல்லாம் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே கோடையில் ஆட்கள் இறக்கத்தான் செய்கிறார்கள். ஆனாலும் எச்சரிக்க வேண்டியது பூங்காவின் கடமை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை.

ஜெய்சல்மேருக்கு வருஷந்தோறும் லட்சக்கணக்கானோர் போய்வருகிறார்களே, யாருக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கோட்டை, ஹவேலி, சம் என்ற முக்கோணத்தைத் தாண்டுவதில்லை. அங்கே தார்ச்சாலை உண்டு, கடை உண்டு, கைபேசிக் கோபுரமும் உண்டு. அந்த எண்ணிக்கையைக் காட்டிச் சரணாலயத்தின் உட்பகுதிக்கும் பயமில்லை என்பது, மெரினாவில் கால் நனைத்தவர்களை எண்ணிப் பார்த்து நடுக்கடலுக்குப் பயமில்லை என்று சொல்வதற்குச் சமம். அந்த முக்கோணத்துக்குப் போகும் வழியிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2025 அக்டோபர் 14 அன்று ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய ஏ.சி. ஸ்லீப்பர் பேருந்து வழியில் தீப்பிடித்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேருக்கு இன்னும் 300 கிலோமீட்டர் போலப் போகவேண்டும். அதை எதில் ஏறிக் கடக்கிறோம், அதன் அவசரக் கதவு எங்கே இருக்கிறது, திறக்கிறதா என்று பார்ப்பதும் பாலைப் பயணத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாரில் இரவு மணலில் உலவுவது சுருட்டை விரியன். நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சை நெடுங்காலமாகத் தந்துவருவது செங்கல்பட்டு மாவட்டத்து வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். தென்னாட்டுப் பாம்பின் நஞ்சிலிருந்து செய்த மருந்து, ராஜஸ்தான் சுருட்டை விரியன் கடித்தவர்களுக்குப் போதிய அளவு பலிப்பதில்லை என்று அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே மருந்து இருக்கிறது என்ற தைரியத்தில் இருட்டில் மணலில் நடக்கக் கூடாது. கணுக்காலை மூடும் காலணியும் கையில் ஒரு டார்ச்சும் போதும். பெரும்பாலான கடிகளைத் தவிர்த்துவிடலாம்.

மே விடுமுறை, எல்லைக்கோடு

மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் பள்ளிக்கு நீண்ட விடுமுறை கோடையில். குடும்பமாக நாலு நாள் கிளம்ப வாய்ப்பும் அப்போதுதான். பாலையில் அந்த நேரம் அறை வாடகையும் குறைந்துவிடும். எதனால் குறைகிறது என்று விளம்பரம் சொல்வதில்லை. வெயில் ஒரு காரணம். இன்னொன்று, கோடையிலிருந்து மழைக்காலம் முடியும்வரை கானமயில் இணைசேர்ந்து முட்டையிடும் பருவம். வருஷத்துக்கு ஒரு முட்டைதான். அதையும் நாம் போட்ட இரைச்சலில் தாய்ப்பறவை விட்டுப் பறந்துவிட்டால், வட்டமிடும் காக்கைக்கோ நரிக்கோ இரையாகிப்போகும். நவம்பர் முதல் பிப்ரவரிவரைதான் பறவைக்கும் மனிதருக்கும் ஒத்துவரும் காலம். அப்போதும் இரவு வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும் என்பதால் கம்பளி வேண்டும். காலைப் பொழுதும் நீளமில்லை. பத்து மணி தாண்டினால் சமவெளியில் கானல் எழுந்துவிடும். அரை கிலோமீட்டரில் நிற்பது பறவையா, மரக்கட்டையா, மேய்ப்பரா என்று தொலைநோக்கியிலேயே தெரியாமல் எல்லாம் நீர்போல நெளியும். விடியலுக்குமுன் சுதாசரியில் இருக்கவேண்டும் என்றால் முதல்நாள் ஜெய்சல்மேரிலேயே அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கியிருக்கவேண்டும். சம்மில் நள்ளிரவுவரை நடனம் பார்த்தவரால் ஆகிற காரியமல்ல. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது.

இந்தச் சரணாலயத்துக்கு மேற்கே நாட்டின் எல்லை இருக்கிறது என்பதும் பலருக்குக் கடைசியில்தான் நினைவுக்கு வரும். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது ஜெய்சல்மேர் விமான நிலையம் மூடப்பட்டது. நகரம் விளக்கணைத்து இருட்டில் கிடந்தது. அன்றைக்கு அங்கே மாட்டிக்கொண்ட சுற்றுலாக் குடும்பத்துக்குப் பணத்தைத் திரும்பப் பெறுவதைவிட, எந்தச் சாலையில் கிளம்புவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்திருக்கும். எல்லையை ஒட்டிய அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தனியாக வேண்டும். வனத் துறையின் சீட்டு அதற்கு ஈடாகாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது எல்லாருக்கும் நல்லது.

பறவையைக் கொல்வது பயணியா?

இங்கேதான் வலுவான மறுப்பு ஒன்று எழும். கானமயிலை அழிப்பது பயணியின் வண்டியல்ல, மின்கம்பி. நாட்டில் ஏறக்குறைய 150 பறவைகளே எஞ்சியிருக்கின்றன, பெரும்பாலானவை ராஜஸ்தானில். 15 கிலோவரை எடை கூடும் இந்தப் பறவைக்குக் கண்கள் பக்கவாட்டில் பார்க்க அமைந்தவை. நேர் எதிரே வரும் கம்பியைக் கண்டு சட்டென்று விலக உடல் கனம் விடாது. சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்காக இழுத்த கம்பிகளைத் தரைக்கடியில் போடும்படி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 19 அன்று உத்தரவிட்டது. 2024 மார்ச் 21 அன்று அந்த உத்தரவைத் தளர்த்தி வல்லுநர் குழு அமைத்தது. 2025 டிசம்பரில் ராஜஸ்தானில் 14,013 சதுர கிலோமீட்டரையும் குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டரையும் முன்னுரிமைப் பகுதியாக ஏற்றது. இவ்வளவு பெரிய வழக்கு நடக்கும்போது பயணியின் டயர்த் தடத்தைப் பற்றிப் பேசுவது யானையை விட்டுவிட்டு எறும்பைப் பிடிப்பது ஆகாதா?

பெரிய காரணம் மின்கம்பிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தைக் கம்பிக்கும் சூரியத் தகட்டுக்கும் எளிதாகக் கொடுக்க முடிந்ததே அது 'தரிசு' என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்ததால்தான். வருவாய்த் துறையின் தரிசும், நம் பயணியின் "ஒண்ணுமில்லை"யும் ஒரே பார்வையின் இரண்டு முகங்கள். சரியாகத் திட்டமிட்டுப் போய்ப் பார்த்துவருகிற ஆயிரம் குடும்பத்தினர் அந்தச் சொல்லை ஏற்கமாட்டார்கள். மகாராஷ்டிரத்திலேயே இதற்கு எதிர்மாறான உதாரணம் இருக்கிறது. சோலாப்பூர் அருகே நான்னஜை மையமாக வைத்து 1979-இல் அறிவித்த மாள்டோக் (கானமயில்) சரணாலயம் காகிதத்தில் 8,496 சதுர கிலோமீட்டர். வயலும் ஊரும் நகரமும் அதற்குள் வந்துவிட்டன. நிலத்தை விற்க, வீடு கட்டத் தடை என்ற பயத்தோடுதான் உழவர் அந்தப் பறவையின் பெயரைக் கேட்டார். பிறகு பரப்பு 1,222 சதுர கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டது. அதற்குள் பறவையும் ஏறக்குறைய இல்லாமல்போனது. வரைபடத்தில் கோடு பெரிதாகப் போட்டும், அந்தப் பறவை தங்களுடையது என்று சொல்ல அங்கே போதிய ஆட்கள் இல்லை. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் கானமயில் இருந்தது. பெயர் மட்டும்தான் நம்மிடம் தங்கியிருக்கிறது.

சம்மிலும் ராம்தேவ்ராவிலும் கானமயில் இனப்பெருக்க மையங்கள் நடக்கின்றன. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் வழியாக முதல் குஞ்சு பொரிந்தது. அந்த மையங்கள் காட்சிக்கூடம் அல்ல. அங்கே அழைத்துப்போகிறேன் என்று சொல்லும் முகவரை நம்பிப் பணம் கட்டவேண்டாம்.

கட்டுப்பாடு ஏழைக்குத் தடையா?

அனுமதி, வழிகாட்டி, வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு என்று போட்டால், பணக்காரருக்கு மட்டும் பாலை, நடுத்தரக் குடும்பத்துக்குச் சம் மணலே கதி என்றாகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. வரம்பினால் உள்ளூர் ஒட்டகக்காரரும் ஜீப் ஓட்டுநரும் பிழைப்பை இழப்பார்கள் என்பதும் சேர்ந்தே வரும். முதல் பாதிக்குப் பதில் கட்டணத்தை உயர்த்தாமல் எண்ணிக்கையை வரையறுப்பது: முன்பதிவில் முதலில் வந்தவருக்கு இடம், அரசுப் பள்ளிக் குழுவுக்கு ஒரு பங்கு ஒதுக்கீடு. இரண்டாம் பாதி இன்னும் எளிது. மணல்மேட்டில் ஜீப்பைச் சறுக்கவைத்து இருபது நிமிடத்தில் சம்பாதிப்பதைவிட, விடியலில் புல்வெளித் தடத்தில் நான்கு பேரைக் கூட்டிப்போய்ப் பறவை காட்டி நியாயமான கூலி பெறுவது அந்த ஓட்டுநருக்கு நிலைத்த வேலை. ஓரண் என்று கிராமத் தெய்வத்தின் பேரில் மரம் வெட்டாமல் காத்துவரும் நிலங்களை அங்குள்ள மேய்ப்பர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர்கள் பேசத் தெரிந்த வழிகாட்டிகளாக வேண்டும். அதற்குப் பயிற்சி கொடுப்பது வனத் துறையின் வேலை.

இது வெறும் ஆசை அல்ல, புணே மாவட்டத்திலேயே நடக்கிறது. கோந்த்வாவிலிருந்து போப்தேவ் காட் ஏறி இறங்கினால் சாஸ்வட். ஜேஜுரி, மோர்காவ் தாண்டினால் சுபே. மலையின் மழைமறைவில் கிடக்கும் அந்த மேய்ச்சல் நிலத்தை மராத்தியில் மாள்ரான் என்பார்கள். சுபேயில் உள்ள மயூரேஷ்வர் சரணாலயம் வெறும் 5.14 சதுர கிலோமீட்டர். சிங்காரா மானுக்காக 1997-இல் அறிவித்தது. அஷ்டவிநாயகர் தரிசனத்துக்கு மோர்காவ் போகும் கார்களில் எத்தனை அந்தப் பக்கம் திரும்புகின்றன? புணே வனத் துறை 2024-இல் இந்தாபூர் வட்டத்துக் கட்பன்வாடியிலும் பாராமதி வட்டத்துச் சிர்சுபளிலும் புல்வெளி சஃபாரி தொடங்கியது. இணையத்தில் பதிவு, உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார், வண்டி குறித்த தடத்தைவிட்டு விலகக் கூடாது. ஓநாய், கழுதைப்புலி, குள்ளநரி, தன்கர் மேய்ப்பர்களின் ஆட்டுமந்தை எல்லாம் ஒரே காட்சியில் கிடைக்கும். ஓநாய் ஆடு தூக்கினாலும் மேய்ப்பர் ஊரைவிட்டுப் போகவில்லை, ஓநாயும் போகவில்லை. பாலைக்குப் போக விரும்பும் புணேக் குடும்பம் முதல் ஒத்திகையை இங்கே பார்க்கலாம். பிள்ளைகள் இரண்டு மணி நேரம் சத்தமில்லாமல் உட்காருவார்களா, தாத்தாவுக்கு வெயில் ஒத்துக்கொள்கிறதா, கொண்டுபோன தண்ணீர் எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். தார்க் கணக்கைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

செய்யவேண்டியவை

ராஜஸ்தான் வனத் துறை, அனுமதி வழங்கும் அலுவலகம், கட்டணம், திறந்த தடங்கள், மூடிய தடங்கள், கைபேசி எடுக்காத இடங்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில், தமிழும் மராத்தியும் உட்படப் பல மொழிகளில் வெளியிடவேண்டும். உள்ளே போகும் ஒவ்வொரு வண்டியும் திரும்பவேண்டிய நேரத்தை எழுதிவைக்கும் ஒரு பதிவேடு வேண்டும். குறித்த நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் வராத வண்டியைத் தேடிப்போக ஆளும் வேண்டும். இந்தப் பதிவேடு இல்லாதவரை மற்றதெல்லாம் காகிதம்தான். வானிலைத் துறை வெப்ப அலைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாள்களில் உட்தடங்களை மூடி, முன்பதிவுப் பணத்தை முழுக்கத் திருப்பித்தரவேண்டும். பணம் போய்விடுமே என்றுதான் பலர் வெயிலிலும் கிளம்புகிறார்கள். சம், இன்னொரு மணல்மேட்டு ஊரான குரி ஆகியவற்றின் பக்கத்துச் சுகாதார நிலையங்களில் விஷமுறிவு மருந்தும் அதைச் செலுத்தத் தெரிந்தவரும் பயணக் காலம் முழுக்க இருக்கவேண்டும்.

புணேயிலும் சென்னையிலும் ராஜஸ்தான் பேக்கேஜ் விற்கும் முகவர்கள், சரணாலய நுழைவு விலையில் சேர்ந்ததா, அனுமதி யார் எடுப்பது, உள்ளே எத்தனை மணி நேரம் என்பதை ரசீதிலேயே எழுதித்தரும்படி இரு மாநிலச் சுற்றுலாத் துறைகளும் விதி செய்யலாம். நாம் செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஜெய்சல்மேர் ஓட்டுநரை அமர்த்துவது. இரண்டு குடும்பம் சேர்ந்து இரண்டு வண்டியாகப் போவது. சாலையைவிட்டு மணலில் இறங்காமலிருப்பது. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஊரில் ஒருவரிடமும் விடுதியில் ஒருவரிடமும் சொல்லிவைப்பது. வண்டி நின்றுவிட்டால் அதன் நிழலைவிட்டு நடக்காமல் காத்திருப்பது.

ரயில்வே செய்யக்கூடியது எல்லாவற்றிலும் மலிவானது. ஹடப்சர் நடைமேடையிலும் சென்னை சென்ட்ரலிலும் அந்த இரண்டு ரயில்களும் நிற்கும் இடத்தில் ஒரு பலகை. மராத்தியிலும் தமிழிலும் இந்தியிலும் நான்கு வரி: நவம்பர் முதல் பிப்ரவரிவரை போகலாம், மே, ஜூனில் வேண்டாம், ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர், அனுமதிக்கு இந்த எண்ணைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால் எடுத்துப் பேச அந்த எண்ணில் ஒருவர் இருக்கவேண்டும்.